இடது கையால் ஊட்டிய இட்லி

தாமரைக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது கிள்ளானில் அவள் குடியிருக்கும் தாமான் வீடுகள் முழுக்கத் தெரிந்த சேதி. வாசலை மறித்துக் கார் நிறுத்தியவனுக்குத் தெரியும். அழுகின தக்காளியை அடியில் வைத்துக் கட்டிக் கொடுத்த காய்கறி லோரிக்காரனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவள் காரணமில்லாமல் கத்தினாள் என்று யாரும் சொன்னதில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்கூடச் சொன்னதில்லை.

அவள் தொழில், அசையாத படத்தை அசைய வைப்பது. பிரிக்பீல்ட்ஸில் போட்டோக் கடை வைத்திருக்கும் கமலநாதன் பழைய படங்களை போனில் அனுப்பிவிடுவார். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், செத்துப்போனவர் படம். அவள் அதைக் கணினியில் ஏற்றி, இவர் எழுந்து நடக்கட்டும், இந்தக் குழந்தை திரும்பிப் பார்க்கட்டும் என்று எழுதிக் கொடுப்பாள். ஏஐ அதைச் சின்னச் சின்ன வீடியோத் துண்டுகளாக்கித் தரும். அவற்றைக் கோத்து, பாட்டுச் சேர்த்து, ஒரு குட்டிக் கதையாக்கி அனுப்பிவிடுவாள்.

சொல்லும்போது லேசாக இருக்கும். அந்த ஏஐக்கு நம் வீட்டு வழக்கம் ஒன்றும் தெரியாது. தாலி கட்டச் சொன்னால் மோதிரம் போடும். பொக்கைவாய்க் கிழவருக்கு முப்பத்திரண்டு பல்லையும் வைத்துச் சிரிக்கவிடும். ஒரு தடவை சம்பந்தியம்மாள் இடது கையால் தாம்பூலம் கொடுப்பதுபோல வந்துவிட்டது. அந்தக் குடும்பம் கமலநாதனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டது. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் தாமரை முதலில் கையைத்தான் பார்ப்பாள். செல்ஃபி என்றால் இன்னும் கவனம். சில போனில் வலம் இடமாக விழுந்திருக்கும். திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

ஆசைப்பட்டு அவள் இந்த வேலைக்கு வரவில்லை. அம்மா லெட்சுமிக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் போய், விழுங்கவும் முடியாமல் ஆனபோது, ஷா ஆலாமில் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டாள். கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய ஏதாவது வேண்டியிருந்தது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் டியூப்தான் அம்மாவுக்குச் சோறு, தண்ணீர், மருந்து எல்லாம். பால் மாவைக் கரைத்து, சிரிஞ்சில் ஊற்றி, உயரத் தூக்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் இருமல் வந்து அம்மா நீலம் பூத்துவிடுவாள். இப்படி இரண்டு வருஷம்.

அண்ணன் ஒருத்தன் இருந்தான், விஜயன். காஜாங்கில் வீடு. காஜாங்குக்கும் கிள்ளானுக்கும் நடுவில் என்ன இமயமலையா இருக்கிறது? தீபாவளிக்கு வருவான். அம்மா அறை வாசலில் நின்று மூக்கைச் சுளிப்பான். ஒருமுறை மட்டும் கட்டிலருகே குனிந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான். பெற்ற மனம் பித்து. கேட் சத்தம் கேட்டால் போதும், அம்மா கண் வாசலுக்குப் போய்விடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாமரைக்கு வயிறு எரியும்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைத்தது விஜயன். அது மகன் கடமை. அதற்காகத் தாமரை ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது போன் வந்தது.

"தாமர, அந்தத் தீபாவளி செல்ஃபி இருக்குல்ல, அத வச்சு ஒரு வீடியோ செஞ்சு குடு லா. பதினாறாம் நாள் போடணும். கோயில் கமிட்டி ஆளுங்க எல்லாம் வராங்க."

அவன் கோயில் தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன மாதிரி வேணும்?"

"மூக்குல இருக்கிற டியூப எடுத்துடு. பாக்க நல்லா இல்ல. நான் அம்மாவுக்கு இட்லி ஊட்டற மாதிரி வரட்டும். அம்மா சிரிச்சுக்கிட்டே சாப்பிடணும்."

"அம்மா இட்லி சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே."

"வீடியோதானே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

"ஊரான் ஊட்டு அம்மாவுக்கெல்லாம் செய்யறே. பெத்த அம்மாவுக்குச் செய்ய மாட்டியா?"

அவள் காது சிவந்துவிட்டது. அவளும் நடக்காததை நடந்ததாகக் காட்டியவள்தான். பேரனைப் பார்க்காமல் செத்த தாத்தா மடியில் பேரனை உட்கார வைத்திருக்கிறாள். அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. இது வேறு. அந்த டியூபை அழித்தால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கையும், அம்மா பட்ட பாடும் சேர்ந்து அழிந்துபோகும். அந்த இடத்தில் இட்லித் தட்டோடு இவன் வந்து நிற்பான்.

"செய்ய மாட்டேன். வைக்கிறேன்" என்று போனை வைத்தாள்.

பதினாறாம் நாள் தாமரை வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தது. அம்மா படத்துக்கு மாலை. முன்னால் தலைவாழை இலை போட்டு இட்லி, வடை, பாயசம் எல்லாம் படைத்திருந்தார்கள். விஜயன் உள்ளே இருந்த டிவியை வெளியே தூக்கி வந்து, போனைத் தட்டி, "எல்லாரும் இங்க கொஞ்சம் பாருங்க" என்றான்.

தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன். அவனே போனில் செய்துவிட்டிருந்தான். திரையில் அம்மா பளிச்சென்று இருந்தாள். மூக்கில் டியூப் இல்லை. அவளுக்கு எந்தக் காலத்திலும் இல்லாத பல்வரிசையோடு சிரித்தாள். விஜயன் இட்லியைப் பிட்டு ஊட்டினான். அம்மா மென்றாள், தலையை ஆட்டினாள், அவன் கன்னத்தைத் தடவினாள். கூடாரத்தில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

தாமரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா காரியம், சண்டை வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. அப்போதுதான் முன்வரிசையில் இருந்த தாய்மாமன் பக்கிரிசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"டேய் விஜயா, என்னடா இடது கையில ஊட்டறே?"

எல்லாரும் பார்த்தார்கள். ஆமாம், இடது கைதான். பெற்ற தாய்க்கு இடது கையால் சோறு. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கமிட்டிக்காரர் முகம் சுருங்கியது.

விஜயன் அரை நொடிகூட யோசிக்கவில்லை.

"நான் இல்ல மாமா, தாமர செஞ்சது. இந்த வேலையெல்லாம் அவதானே பாக்கறா. கவனிக்காம விட்டுட்டா போல."

அவ்வளவுதான். பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அம்மா வயிற்றுக்குப் பாலை இறக்கிய கை அவள் கை. அதைத் துடைத்துப்போட்டது போதாது என்று, செய்த தப்பையும் அவள் தலையில் கட்டுகிறான். தாமரை விறுவிறுவென்று உள்ளே போனாள். அம்மா அறையில் எதையும் அவள் இன்னும் எடுத்து வைத்திருக்கவில்லை. பால் மாவு டின், சிரிஞ்சு, பிரிக்காத உறையில் ஒரு டியூப் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்து, வாழை இலையில் இட்லிக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள்.

"இதுதான் எங்கம்மா சாப்பிட்டது."

"என்ன அசிங்கம் இது? ஆளுங்க இருக்காங்க, எடு" என்று விஜயன் கையை நீட்டினான்.

"அசிங்கமா? ரெண்டு வருஷம் உன் அம்மா உசுரு இதுல ஓடுச்சு. டியூப எடுத்துட்டு வீடியோ செய்யின்னு நீ கேட்டே, நான் முடியாதுன்னேன். நீயா செஞ்சுக்கிட்டே. செஞ்சவன் செஞ்சேன்னு சொல்லு. என் பேர ஏன் இழுக்கறே?"

அம்மாவின் தங்கை ராஜேஸ்வரி எழுந்து வந்தாள். இலையிலிருந்த இட்லியை எடுத்து ஓரத் தட்டில் வைத்தாள். டின்னை நடுவில் நகர்த்தினாள்.

"சாப்பிட்டதத்தான் படைக்கணும்" என்றாள். "தாமர, கொஞ்சம் கரைச்சிடு."

தாமரை கரைத்தாள். சிரிஞ்சில் பாலை ஊற்றி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"வீடியோவுல நல்லா ஊட்டினே இல்ல? இப்ப ஊட்டு. மகன்தானே படைக்கணும்."

பின்னால் டிவியில் அம்மா நாலாவது இட்லியைச் சிரித்தபடி மென்றுகொண்டிருந்தாள். விஜயன் கூட்டத்தைப் பார்த்தான், கமிட்டிக்காரரைப் பார்த்தான், பிறகு அவசரமாகக் கையை நீட்டி வாங்கினான். வலது கையில் போன் இருந்தது. வாங்கியது இடது கை.

நுனியை அடைக்க அவனுக்குத் தெரியவில்லை. பால் அவன் சட்டையெல்லாம் ஒழுகியது. பக்கிரிசாமி மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இதையும் தாமரதான் செஞ்சாளா?"