களவாணிக்கு ஒரு பர்ஸ்

சித்தப்பாவின் பேன்ட் பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு காப்பிக் கலர் பர்ஸ் புடைத்துக்கொண்டு நிற்கும். தில்லி பஸ்ஸில் அப்படி நிற்பது, வாடா, வந்து எடுத்துக்கோ என்று கூப்பிடுவதற்குச் சமம். அவரும் கூப்பிடத்தான் செய்தார். அந்தப் பர்ஸ் அவருக்கானது இல்லை, களவாணிக்கானது. வீட்டில் அதற்குப் பெயரே களவாணிப் பர்ஸ்தான். காலையில் அவர் செருப்பு மாட்டும்போது சித்தி உள்ளேயிருந்து, "களவாணிப் பர்ஸ எடுத்தாச்சா?" என்று கேட்பாள். குடை எடுத்தாச்சா என்று கேட்பது மாதிரி இருக்கும்.

சித்தப்பா பாளையங்கோட்டைக்காரர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். நான் வேலை தேடி தில்லிக்கு வந்தபோது முனிர்காவில் சிநேகிதிகளோடு அறை எடுப்பதாக இருந்தேன். சித்தி விடவில்லை. "நாங்க இங்க இருக்கும்போது நீ எதுக்குட்டி கண்ட எடத்துல கெடக்கணும்?" என்று பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே பர்ஸ் கதையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் என்னிடம்தான் சொல்ல வேண்டும். தில்லிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பஸ்ஸில் எவனோ பிளேடு போட்டு அவருடைய பர்ஸை உருவிவிட்டான். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுதான் பாக்கெட்டில் கையை விட்டிருக்கிறார், விரல் வெளியே வந்திருக்கிறது. பஸ் முழுக்கச் சிரித்ததாம். புது மதராஸி என்று ஒருவன் சொன்னானாம். பணம் போனதைச் சித்தப்பா ஒரு மாதத்தில் மறந்துவிட்டார். அந்தச் சிரிப்பை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு பர்ஸ் வந்தது. அசல் பர்ஸ் மெல்லிசாக இருக்கும். ஆபீஸ் அடையாள அட்டை, பஸ் பாஸ், வீட்டு போன் நம்பரைச் சித்தி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாம் அதில்தான். அதை வைக்க ஒவ்வொரு பனியனிலும் உட்புறமாக, இடது நெஞ்சுப் பக்கம், சித்தி ஒரு பை தைத்து பிரஸ் பட்டன் வைத்திருந்தாள். பின்பாக்கெட்டுக்கு டூப்ளிகேட். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு உட்கார்ந்து, இந்திப் பேப்பரை நோட்டு அளவுக்கு வெட்டி அதில் அடுக்குவார். தமிழ்ப் பேப்பர் கூடாது. "தமிழக் கண்டான்னா மதராஸின்னு தெரிஞ்சிரும்லா, பொறவு அதுக்கு வேற சிரிப்பான்." கனத்துக்குக் கரோல் பாக் செருப்புக்கடை ஒன்றின் அட்டையைச் செருகுவார். "பர்ஸுன்னா அதுக்கு ஒரு லட்சணம் வேண்டாமாட்டி?" என்று கையில் தூக்கிப் பார்ப்பார். ஆனால் வருஷக்கணக்காக எவனும் அதைத் தொடவில்லை. சாயங்காலம் வந்ததும் பின்னால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் எவனும் எடுக்கல" என்பார். கொஞ்சம் வருத்தமாகவே சொல்வார். "ஒங்க மூஞ்சப் பாத்தாலே தெரியும், உள்ள பேப்பர்தான் இருக்குன்னு" என்று சித்தி சிரிப்பாள்.

கதைகளில் பர்ஸ் படுகிற பாடு வேறு. வாரப் பத்திரிகைத் துப்பறியும் கதைகளை நான் அப்போது விடாமல் படிப்பேன். செத்துக் கிடக்கிறவனின் பாக்கெட்டில் இன்ஸ்பெக்டர் கையை விடுவார், பர்ஸ் வரும், அடுத்த வரியில் பெயரும் ஊரும் தெரிந்துவிடும். காதல் கதையென்றால் அவன் பர்ஸில் அவள் படம் இருக்கும். நல்லவனைப் பற்றிய கதையென்றால் அவன் நடக்கிற தெருவில் யாராவது ஒரு பர்ஸைத் தொலைத்திருப்பார்கள். எந்தக் கதையிலும் பர்ஸ் பொய் சொல்லி நான் படித்ததில்லை. ஒரு மனுஷன் யாரென்று கேட்டால் அவன் பர்ஸ் சொல்லும் என்றுதான் எழுதுகிறவர்களும் நம்பினார்கள், போலீஸும் நம்பியது. கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தால் என்னைப் பற்றியும் யாரும் சொல்லிவிடலாம்: பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை, ஒற்றைக் கம்மல், எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவி.

அன்று புதன்கிழமை. சித்தப்பா வழக்கம்போல் கிளம்பிப் போனார். சாயங்காலம் வரவில்லை. பஸ் லேட்டாயிருக்கும் என்று சித்தி இட்லி மாவைக் கரைத்து மூடிவைத்தாள். பிறகு ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு போன் செய்தாள். "அவர் இன்னிக்கு ஆபீஸுக்கே வரலியே மாமி" என்றார் அவர். செல்போன் வந்துவிட்ட காலம்தான். ஆனால் ஜேப்கத்ராக்களுக்கு பயந்து அதையும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். ஜேப்கத்ரா என்றால் பாக்கெட் அடிக்கிறவன். தில்லியில் நம் ஆட்கள் முதலில் கற்றுக்கொள்கிற இந்தி வார்த்தைகளில் அது ஒன்று. போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது.

நானும் சித்தியும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விசாரணை ஜன்னலில் சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரில் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடமும் கேட்டார். "இஸ் நாம் கா கோயி நஹி" என்றார். அந்தப் பெயரில் யாரும் இல்லை. சித்தி என்னிடம், "நல்ல வேளட்டி, இங்க இல்ல" என்றாள். இரண்டு பேரும் நிம்மதியாகத்தான் வெளியே வந்தோம். வாசலில் டீகூடக் குடித்தோம். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஆளைக் காணோம் என்று எழுதிக் கொடுத்தோம்.

நாங்கள் டீ குடித்த கட்டடத்தின் இரண்டாவது மாடியில்தான் அவர் இருந்திருக்கிறார். காலையில் பஸ் ஸ்டாப்பில் விழுந்திருக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு. யாரோ புண்ணியவான்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் நினைவு இருந்ததாம். ஆஸ்பத்திரி கான்ஸ்டபிள் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்திருக்கிறார். அதில் பெயர் இல்லை. செருப்புக்கடைக்கு போன் போட்டு அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி ஒருத்தரைத் தெரியாது என்றிருக்கிறார்கள். பர்ஸ்தான் கிடைத்துவிட்டதே, அப்புறம் வேறெங்கே தேடுவது? பெயர் தெரியாதவர் என்று எழுதிவிட்டார்கள். சித்தப்பா வலது கையைத் தூக்கித் தூக்கி நெஞ்சில் வைத்ததாக நர்ஸ் பிறகு சொன்னாள். நெஞ்சு வலி என்று நினைத்து பனியனைக் கத்தரியால் வெட்டி எடுத்து, ஈசிஜி பார்த்திருக்கிறார்கள். வெட்டிய பனியன் சட்டையோடு சுருட்டப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

விடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்ததையும் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் போவதற்குள் அவர் போய்விட்டிருந்தார். துணிமூட்டையைச் சித்தியிடம் கொடுத்தார்கள். அவள் நின்றபடியே அதை அவிழ்த்து, பனியனைத் தேடி எடுத்து, பிரஸ் பட்டனை விலக்கி அசல் பர்ஸை வெளியே எடுத்தாள். வெட்டுப்படாமல் இருந்தது. அவள் எழுதிய நம்பரும் இருந்தது. கான்ஸ்டபிள் காப்பிக் கலர் பர்ஸைத் திறந்து, பேப்பர் துண்டுகளைக் காட்டி இது என்னவென்று கேட்டார். இந்தியில் எனக்குச் சொல்ல வரவில்லை, தமிழிலும் வந்திருக்காது. எனக்கு அப்போது அழுகை வரவில்லை. துக்கம் என்று ஒன்று வரவேண்டுமே, எங்கே போயிற்று என்று யோசித்தபடி, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் விளம்பரத்தை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். சித்தியும் அழவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். அப்போது மரத்துப்போனது இன்னும் எனக்கு முழுசாகத் தெளியவில்லை.

கிட்வாய் நகரில் அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மெட்ரோவில் ஜேப்கத்ராக்களிடம் ஜாக்கிரதை என்று இன்னமும் அறிவிக்கிறார்கள். கேட்கிற பிள்ளைகளிடம் பர்ஸே கிடையாது. என் ஆபீஸில் வேலை செய்கிற இளசுகள் கடலை வாங்கினால்கூட போனைத்தான் நீட்டுகிறார்கள். சித்தி பாளையங்கோட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். சித்தப்பா பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. மாவு அரைத்தது, மழை பெய்தது என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். போன வாரம் பேச்சுவாக்கில், "இப்ப இங்க யாரும் பர்ஸே வச்சிக்கிடறதில்ல சித்தி" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப களவாணிப் பயலுவ என்ன செய்யுதானுவ?" என்றாள்.

"போனத் தூக்குதானுவ."

அவள் வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அன்னைக்கு ஒரு பய அந்தப் பர்ஸ எடுத்திருக்கலாம்லாட்டி" என்றாள். "பின்னால ஒண்ணும் இல்லன்னா, ஆஸ்பத்திரிக்காரவ உள்ள கைய விட்டுப் பாத்திருப்பாவல்லா."