மடிப்பா, நரம்பா

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சோறு வெந்த சட்டிகளைவிட வண்டு ஊறிய கிண்ணங்கள்தான் அதிகம். என் கணவர் வெள்ளைக்காரர்கள் நடத்திய பள்ளியில் ஆசிரியர். பள்ளி விட்டு வந்தால் வண்டின் இறக்கைதான் அவருக்கு உலகம். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் வராது. தென்னங்குருத்திலிருந்து கம்பியால் குத்தியெடுத்த காண்டாமிருக வண்டுகளை பிஸ்கட் டின்னில் கொண்டுவந்து, "கும்பாங் லாகி" என்று என் கையில் திணித்துவிட்டுச் சிரிப்பார். மறுபடியும் வண்டு. எனக்குச் சிரிப்பு வராது.

வண்டின் மேல் இறக்கை ஓடாக இறுகியிருக்கும். பறக்கும் இறக்கை அதற்கடியில் மடிந்து கிடக்கும். அதை வெந்நீரில் ஊறவைத்து விரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டவேண்டும். மடிந்து மடிந்து, ஆதியில் இருந்த நரம்புகளை ஒவ்வொரு வண்டுக் குடும்பமும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்ததாம். மான்கொம்பு வண்டில் ஒரு சின்னக் குறுக்கு நரம்பு மிஞ்சியிருக்கிறது, காண்டாமிருக வண்டில் அது இல்லை, ஆகவே மான்கொம்புதான் மூத்த குடும்பம் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். சிங்கப்பூர் ஆய்விதழுக்கு அனுப்பக் கட்டுரையும் எழுதி வைத்திருந்தார். படம்தான் பாக்கி.

அவர் வரைந்த கோடுகள் இரட்டை இரட்டையாக விழுந்தன. பூதக்கண்ணாடியில் தூசி என்று சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். கடைசியில் பென்சில் என் கைக்கு வந்தது. கூடவே ஒரு கட்டளை.

"நான் சொல்றத வரையாத. உனக்குத் தெரியறத வரை."

ஒரு ஞாயிறு மதியம், ஜன்னலோரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் குறுக்கு நரம்பைத் தேடினேன். கோடு இருந்தது. ஆனால் சந்தேகம் தட்டியது. பாத்தேக் சாயம் போட்ட சாரோங் துணியில் மடிப்பு தண்ணீர் பட்டால் போகும், சாயக்கோடு போகாது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, ஒட்டிக் காய்ந்திருந்த இறக்கைமேல் விட்டுப் பார்த்தேன். மற்ற நரம்புகள் பழுப்பாக அப்படியே இருக்க, இந்தக் கோடு மட்டும் போய்விட்டது. வேறு இறக்கைகளிலும் அதே கதைதான்.

"அது மடிப்புங்க. நரம்பு இல்ல."

அவர் முகம் சுண்டிப்போனது. பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், துடைத்தார், மறுபடி பார்த்தார். தூசி என்றார். நான் கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பளிச்சென்று இருந்தது. அதையும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கட்டுரையை ஓரமாக வைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, விரலால் கீழிமையை இழுத்துப் பிடித்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். எந்நேரமும் வண்டின்மேல் கவிழ்ந்திருந்த முகம். நான் அதுவரை கவனித்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. பொய் நுனி நாக்குவரை வந்தது.

"தெரியறத சொல்லு."

கருவிழியில் வெள்ளை படர்ந்திருப்பதாகச் சொன்னேன். ரெண்டிலுமா என்றார். ரெண்டிலும் என்றேன்.

அவர் அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"தண்ணி விட்டா போயிருமா?"

"போகாதுங்க" என்றேன்.