காலி டப்பாவுல போன ஏரித் தண்ணி

நான் சொல்லச் சொல்ல என் மருமகதான் எழுதிக்கினு கீறா. எனக்குப் படிக்கத் தெரியாது. "மாமி, இதை விட்டுடலாமே"ன்றா. ஒரு வரி வுடாதேடி, எழுது.

அப்போ சிட்லபாக்கத்துல வாடகை வூடு. கொசு இருக்கே, அதைச் சொல்லி மாளாது. முன் ரூம்ல என் புள்ளையும் இவளும் கம்ப்யூட்டர்ல படகு கேம் செஞ்சிக்கினு இருந்தாங்க. அதுல வர்ற தண்ணி இவ செஞ்சது. சாயங்காலம் ஏரிக்கரையில போய் நிப்பா, வந்து எழுதுவா. அலை எப்படி மடங்கணும், வெயில் பட்டா எங்க மின்னணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற எழுத்து. ஷேடர்னு பேராம். அந்தத் தண்ணியக் காட்டித்தான் கேமை விக்கணும்.

பேஜார் இன்னான்னா, அந்த எழுத்து கேம் சிடியோடயே போவணுமாம். வாங்கறவன் கம்ப்யூட்டர்ல படம் காட்டறதுக்குன்னு கீற கார்டு அதைப் படிச்சாத்தான் தண்ணி ஓடும். அப்போ வாங்கறவனும் தொறந்து படிச்சி, தன் கேம்ல போட்டுக்கலாம்ல? அதுக்குத்தான் இவ பூட்டு மேல பூட்டு போட்டா. படிச்சாலும் புரியாதபடி எழுத்தைக் கலைச்சிப் போட்டா, பேரெல்லாம் மாத்தினா.

"எவ்ளோ பூட்டினாலும் கார்டு கிட்ட தொறந்துதானே காட்டணும்? அங்க நின்னு பாத்துடுவான்"னு புள்ள.

"அதுக்காக வாசலைத் தொறந்தே போடணுமா?"ன்னு இவ.

சோறு ஆறிடும், இவங்க சண்டை ஆறாது. எனக்குத் தலைவலி.

கிறிஸ்துமஸுக்கு, கோவிலம்பாக்கத்துலேர்ந்து புள்ளையோட கூட்டாளி ஒரு டப்பா கல்கல் கொண்டாந்தான். நல்லா மொறுமொறுன்னு, அவங்கம்மா கை. அவனும் படகு கேம்தான் செய்றான். டப்பாவைக் காலியா குடுக்கக் கூடாதுன்னு சக்கரை போட்டுத் தருவோம். அன்னிக்குப் பாத்து சக்கரை இல்ல. கடைக்குப் போவ சோம்பேறித்தனம், என் புள்ள மேசை மேல கெடந்த சிடியைப் போட்டு மூடிக் குடுத்துட்டான்.

அவன் போனதும் இவ வந்து தேடறா. "ஏங்க, இங்க இருந்த சிடி?"

"காலியா குடுக்க வேணாம்னு..."

"பூட்டுப் போட்டது பீரோவுல கீது! நீங்க குடுத்தது தொறந்தது!"

அடி வுழுமோன்னு நானே உள்ள போய்ட்டேன்.

மறுநாள் அதே டப்பாவுல அச்சு முறுக்கு, மேல அந்த சிடி. கூட்டாளி தலையைச் சொறிஞ்சிக்கினு, "அக்கா, தொறந்தேன். மொத வரியிலயே 'இதைத் தொடாதீங்க, உங்களுக்குப் புரியாது, தொட்டா சோறு கெடையாது'ன்னு எழுதியிருந்தீங்க. மச்சானுக்குத்தான்னு தெரியும். இருந்தாலும் மூடிட்டேன்"ன்னான்.

என் புள்ள மூஞ்சியைப் பாக்கணுமே! நான் சிரிச்சி சிரிச்சி இடுப்பு புடிச்சிக்கிச்சி.

இவ சிரிக்கல. மூடறதுக்கு முந்தி அவன் அந்த எழுத்தைக் காப்பி எடுத்திருந்தான்னா? அந்த டப்பாவைத் திருப்பியே தரல. கழுவி அலமாரியில கவுத்து வெச்சிட்டா. நான் கேட்டா, "இருக்கட்டும் மாமி"ன்னுவா.

கொஞ்ச மாசம் கழிச்சி அந்தக் கூட்டாளியோட கேம் வந்துச்சி. மூணு பேரும் போட்டுப் பாத்தோம். தண்ணி நீலப் பாயை விரிச்ச மாதிரி அசையாம கெடக்குது, இவ செஞ்ச அலை ஒண்ணு கூட அதுல இல்ல.

இவ எழுந்து போய் அலமாரியைத் தொறந்தா. டப்பா நெறைய, மூடி மூட முடியாத அளவுக்கு, சக்கரையைக் கொட்டினா.