அலுமாரிக்குள் குகன், டிவியில் பங்க்

வீடியோ டெக் சூடாகும்போது ஒரு மணம் வருமே... பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து கருகுகிற மாதிரி. அதோடு இழுத்து மூடிய ஜன்னல் சீலைகள், பொடியன்களின் வியர்வை, தலைமயிரில் காய்ந்த சவர்க்காரம். சண்டைக் காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் பிளாட் இப்படித்தான் மணத்தது.

சவர்க்காரம் எதற்கா? பங்க் ரொக் பாடகர்களுக்கு மயிர் சேவல் கொண்டை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். எண்ணெய் வைத்தே வளர்ந்த எங்கள் தலைகளில் மயிர் அப்படி நிற்க வேறெதற்கும் மசியவில்லை.

லண்டனுக்குப் போன பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒரு வீடியோ கசெட் அனுப்பியிருந்தான். எங்கோ ஒரு நாட்டில் ராணுவ ஆட்சி. கராஜுக்குள் கிற்றார் அடித்து அதை எதிர்த்துப் பாடுகிற பொடியன்களைப் பற்றிய டொகியுமென்டரி. பார்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பயந்து அவன் மேலே ஒட்டியிருந்த லேபிள்: 'அக்காவின் சாமத்தியவீடு'. அவ பெரியபிள்ளையான சடங்கின் வீடியோவாம்.

அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? லேனில் இருந்த பொடியன்களுக்கு இரகசியமாகச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'அனுமதி இலவசம். காது உங்கள் பொறுப்பு.' பத்துப் பேர் வந்தார்கள்.

என்னோடு பதினொன்று. பன்னிரண்டாவது, பெரியம்மாவின் மகன் குகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலே நாள். கரண்ட் இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டவன்.

"அங்க மிதிச்சு மிதிச்சுப் பாட்டுக் கேட்டனாங்கள்டா. இங்க சும்மா இருந்து கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்று காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

ஒரேயொரு சிக்கல். வீட்டில் தங்குகிற ஒவ்வொரு தமிழரையும் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது; எங்கள் வீட்டுப் பதிவில் அவன் பெயர் இன்னும் ஏறவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை அவனுக்கு விசா இண்டர்வியூ. இடையில் பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

படம் உச்சத்தில் நின்றது. கராஜ் கதவைப் பொலிஸ் தட்டுகிறது... டொக் டொக் டொக்!

"என்ன சவுண்ட் எஃபெக்ட் மச்சான்! பக்கத்தில கேக்கிற மாதிரியே இருக்கு!" என்றேன்.

குசினிக்குள்ளிருந்து அம்மா ஓடி வந்தா. "டேய் நாசமாப் போவானே, அது படத்தில இல்லை. எங்கட கதவு!"

அடுத்த அரை நிமிடத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. குகனை அம்மாவின் சேலை அலுமாரிக்குள் தள்ளினோம். கசெட்டைப் பிடுங்கி டிவியைக் கிரிக்கெட்டுக்கு மாற்றினேன். அக்கா கதவைத் திறந்தா.

ஒரு சார்ஜன்ட், கூட இரண்டு பேர். நட்டுக்கொண்டு நின்ற பதினொரு தலைகளையும் அவர் மெதுவாகப் பார்த்தார்.

"மேக மொகத?" இது என்ன என்று கேட்டார்.

"ஃபேஷன், சேர்."

"ஸ்கோர் கீயத?" ஸ்கோர் எவ்வளவு என்றார்.

டிவியை மாற்றியபோதுதான் மாட்ச் போடுவதே எனக்குத் தெரியும்! நல்லகாலம், டிவியே காட்டியது. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரி. தப்பினோம் என்று மூச்சு விட்டபோது வாசலில் நின்றுவிட்டார்.

செருப்புகள்!

எங்கள் ஆட்கள்தானே... உலகம் இடிந்தாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம். புரட்சிக்காரர்களும் அப்படியே. சார்ஜன்ட் விரல் விட்டு எண்ணினார். ஆம்பிளைச் செருப்புப் பன்னிரண்டு சோடி. தலை பதினொன்று. ஆளை ஒளித்த நாங்கள் செருப்பை மறந்துவிட்டோம். அவர் ஆகப் பெரிய சோடியைக் காட்டினார்.

"மே செரெப்பு காகெத?" யாருடைய செருப்பு?

"என்ட, சேர்."

"தாகன்ன." போட்டுக்காட்டு என்றார்.

போட்டேன். என் கால் ஆறு. அது குகனின் பத்து. வள்ளத்துக்குள் நின்ற மாதிரி இருந்தது.

அம்மா முன்னுக்கு வந்தா. கடையில் மரக்கறி வாங்கப் பழகிய சிங்களம்.

"மாத்தயா, மஹத்தயா டோஹாவல. கெதர பிரிமி நே. ஏகய் செரெப்பு தியன்னே." கணவர் டோஹாவில், வீட்டில் ஆம்பிளை இல்லை, அதனால்தான் அவருடைய செருப்பை வெளியே வைத்திருக்கிறோம்... கள்ளன் வந்தால் ஆள் இருக்கிறதென்று நினைக்கட்டும்.

சார்ஜன்ட் அம்மாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முகம் இளகியது.

"பய வென்ன எபா, அம்மே." பயப்படாதீங்கள் என்றார். யாருக்குப் பயப்படுகிறோம் என்று அம்மா சொல்லவில்லை. இறங்கும்போது திரும்பி, "சத்தே அடு கரன்ன" என்றார். சத்தத்தைக் குறையுங்கள்.

அலுமாரியைத் திறந்தோம். தலையில் பாவாடை நாடாவோடு குகன் கேட்ட முதல் கேள்வி:

"மிச்சப் படம் இருக்கெல்லோ?"

கடைசிப் பாட்டு மிச்சமிருந்தது. சத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டுப் போட்டோம். பாடகன் தொண்டை கிழியக் கத்துகிறான், ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் எழும்பி, வாயை மட்டும் அசைத்து, தலையை ஆட்டி, மூச்சுக்கூடக் கேட்காமல் கத்தினோம். அம்மா அகப்பையோடு வாசலுக்குக் காவல்.

வியாழக்கிழமை குகன் விசா எடுத்தான். டொரொண்டோவில் இப்போது முழு மொட்டை.

போன கிழமை அந்தப் பாட்டை இணையத்தில் தேடிப்பிடித்து எனக்கு அனுப்பினான். அன்றைக்குப் பிறகு அந்தக் கசெட்டை அம்மா போட விடவில்லை; அது எப்படி ஒலிக்கும் என்று அதுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது. ஃபோனில் அவனும் லைனில் இருக்க, ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு ஃபுல் வொலியூமில் போட்டேன். ஒருவரும் வந்து தட்டவில்லை.

பாட்டு முடிந்தது.

"எப்பிடி?" என்றேன்.

"பரவாயில்லை" என்றான். "ஆனா அண்டைக்கு நாங்கள் பாடினது இதைவிடத் திறமடா."