மீனின் கண் பார்த்த மாட்டு டாக்டர்

டாக்டர் தாமோதரன் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு சுவரொட்டி. காலை டியூட்டிக்குப் போகும்போது செஞ்சி ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவரில் அதை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. "தெய்வ மீனுக்கு வைத்தியம் பார்த்த வள்ளல், மீன் டாக்டர் தாமோதரன் அமரரானார். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஜவுளிக்கடை வாசலில் அஞ்சலிக் கூட்டம். கண்ணீருடன், ஏகாம்பரம், ஜவுளி வியாபாரம், கடைவீதி" என்று போட்டிருந்தது. கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

நான் நர்ஸ். சீழ் துடைப்பதும் புண் கழுவுவதும் என் பிழைப்பு. புழு வைத்த காலைக் கழுவிவிட்டுப் போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு காகிதத்தைப் பார்த்துக் குமட்டியது என்றால் அது எப்படிப்பட்ட காகிதம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரின் தம்பி முதல்நாள் பஸ்ஸில் வந்து மாட்டாஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் போனாராம். மாரடைப்பு. இங்கிருந்து மாற்றலாகிப் போன ஊரில், பக்கத்துக் கிராமத்துக்குச் சைக்கிளில் போய் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துத் திரும்பியவர், வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே விழுந்துவிட்டார். தம்பி திரும்பி பஸ் ஏறுவதற்குள் ஏகாம்பரம் அச்சாபீசுக்கு ஓடியிருக்கிறார். டாக்டரைத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மேடையில் உங்களுக்கு வேறு கதை சொல்வார்கள். அதற்கு முன்னால் நான் கண்டதை எழுதிவிடுகிறேன்.

அந்த மீன் தொட்டி வந்த கதை உங்களுக்கு மறந்திருக்காது. மெட்ராசில் ஏதோ பொருட்காட்சி முடிந்து சாமான்களை விற்றபோது, தீபாவளிக் கூட்டத்தை இழுக்கலாம் என்று ஏகாம்பரம் வாங்கி வந்த கண்ணாடித் தொட்டி. கூடவே ஐந்தாறு கடல் மீன்கள். மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றி வரும் லாரியில் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீர் வந்தது. தண்ணீருக்குக் காற்று அனுப்ப ஒரு மோட்டார். கரண்ட் போனால் கடைப் பையன்கள் முறைவைத்து சைக்கிள் பம்ப் அடித்தார்கள். சேலை எடுக்க வந்தவர்கள் மீனைப் பார்த்தார்கள், மீன் பார்க்க வந்தவர்கள் துண்டாவது எடுத்தார்கள். அதுவரைக்கும் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அப்புறம் மீன்களுக்குக் கண் கெட ஆரம்பித்தது. ஒரு நாள் மாட்டு டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "சிஸ்டர், தொண்டை பார்க்கிற சின்ன டார்ச் ஒண்ணு குடுங்க, ஜவுளிக்கடையில ஒரு பேஷண்ட்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

"இன்னா டாக்டரே, மாடும் உசுரு, மீனும் உசுரு. போன ரெண்டும் போவட்டும், இதயாவது பாருங்களேன்" என்று ஏகாம்பரம் நாற்காலி போட்டார். டாக்டர் உட்காரவில்லை. உள்ளங்கை அகலத்தில் மஞ்சளும் கறுப்புப் பட்டையுமாக ஒரு மீன். அதன் ஒரு கண் கோலிக்குண்டு மாதிரி வெளியே பிதுங்கி நின்றது. அவர் ஸ்டூல் மேல் ஏறி முதலில் மேலிருந்து பார்த்தார், கண் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று. பிறகு கடை விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, வெள்ளை படிந்திருப்பது கண்ணின் மேலா உள்ளேயா என்று பார்த்தார். பிறகு மீனை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தார். ஆள் நிற்கிற உயரத்தில் முழுக்க விரல் தடமும் வெற்றிலைச் சுண்ணாம்பும் அப்பிக் கிடந்தன. காசால் தட்டிய கீறல்கள் வேறு.

"ஒரு கண்ணு கெட்டா யாரோ அடிச்சிருக்காங்க. ரெண்டு கண்ணும் கெட்டா தண்ணி கெட்டிருக்கு. இது அடி" என்றார். ஜனங்கள் தட்டத் தட்ட மீன் மிரண்டு ஓடி உள்ளே இருந்த கல்லில் மோதியிருக்கிறது. "மருந்தெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு திரை போடுங்க."

அவர் எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல வரவில்லை. அதற்கு முன்பே இரண்டு மீன்கள் அவர் கையில் செத்திருந்தன. ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்து விட்டார், சீக்கிரமே மல்லாந்துவிட்டது. இன்னொன்றுக்கு மருந்து கூடிப்போயிற்று. "ரெண்டும் என் கையால போச்சு சிஸ்டர்" என்று அவரே சொன்னார். இந்த மஞ்சள் மீனுக்கு அவர் அவசரப்படவில்லை. எங்கள் எனாமல் பேசினில் புதுக் கடல் தண்ணீர் ஊற்றி, வீக்கம் வடிய அதில் கொஞ்சம் பேதி உப்பு கரைத்து, மேலே துணி போட்டு இருட்டாக்கி மாட்டாஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார். தினமும் தண்ணீரை மாற்றினார். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கண் மெல்ல உள்ளே போனது. அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, துணியைத் தூக்கிக் காட்டினார். அந்த மனிதர் பல்லைக் காட்டிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏகாம்பரத்துக்கு மீன் நல்லபடி வந்தது போதும். திரையைக் கிழித்துப் போட்டுவிட்டு அதைத் திரும்பவும் தொட்டியில் விட்டார். திரும்பவும் கூட்டம், திரும்பவும் தட்டல், திரும்பவும் அதே கண் வீங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் கண்வலி பரவியது. எங்கள் வாசலில் சிவந்த கண்களோடு வரிசை நிற்கும். கண்வலிக்காரி ஒருத்தி சேலை எடுக்கப் போன இடத்தில் மீனைப் பார்த்தாளாம், மறுநாள் வலி விட்டதாம். கண்வலி என்றால் சில நாளில் விடத்தானே செய்யும்! ஆனால் யார் கேட்கிறார்கள்? "அது நம்ம வலிய வாங்கிக்குது, அதான் அதும் கண்ணு அப்புடி வீங்கி இருக்குது" என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. கண்வலி தீர அம்மனுக்குச் சாத்துகிற கண்மலர்த் தகட்டை அந்தத் தொட்டிக்குள் போட ஆரம்பித்தார்கள். தகரத் தகடு, காசு, குங்குமம், மஞ்சள். ஒரு புண்ணியவதி பாலையே ஊற்றினாள். ஏகாம்பரம் ரவிக்கைத் துணிக்குப் பக்கத்தில் கண்மலரையும் அடுக்கி வைத்து விற்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தண்ணீரைச் சின்னச் சின்னச் சீசாவில் பிடித்துத் தீர்த்தம் என்று கொடுத்தார்.

கடல் தண்ணீரில் பால் அழுகினால் எப்படி நாறும் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. கடைக்குள் சாம்பிராணி போட்டு அதை மறைத்தார்கள். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எங்கள் கம்பவுண்டரும் ஒற்றிக்கொண்டார். மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மிஞ்சிய மஞ்சள் மீனுக்கு மறு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டு கண்ணும். தண்ணி செத்துப்போச்சு. ஏகாம்பரம், இது நோயாளி, சாமி இல்ல" என்றார்.

"அத நீங்க இன்னா டாக்டரே சொல்றது? ஜனம் சொல்லுது!"

திரும்பி வரும்போது டாக்டர் என்னிடம், "மீனுக்கு இமை கிடையாது சிஸ்டர். நாம பண்ற அசிங்கத்தையெல்லாம் அது பார்த்தே ஆகணும்" என்றார். வெகு நேரம் துப்பிக்கொண்டே வந்தார்.

பச்சையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வல்லத்துக்காரி, மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போகிற கூலிக்காரி. சாதாரணக் கண்வலிக்குத் தீர்த்தம் விட்டுக்கொண்டு, ஒரு கண் மூடிச் சீழ் கட்டிய பிறகு எங்களிடம் வந்தாள். நான் கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. கறுவிழியில் பூ விழுந்துவிட்டது. இனி அந்தக் கண் தெரியாது என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். நான் நேரே மாட்டாஸ்பத்திரிக்குப் போய்த் தாமோதரனிடம் சொன்னேன். அவர் பசுவின் வயிற்றைக் கழுவுகிற நீளமான ரப்பர் குழாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பேசினை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை உச்சிவேளை, கடையில் நல்ல கூட்டம். நான் பேசினில் புதுத் தண்ணீரோடு நிற்க, அவர் மீனை எடுத்து அதில் விட்டார். குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். அந்தத் தண்ணீர் அவர் வாய் நிறைய வந்தது. சீழைத் துடைக்கிற நான் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் துப்பிவிட்டுக் குழாயைச் சாக்கடைக்குள் பிடித்தார். பிறகு சாணி வந்து விழுந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்தது. குழாயை மட்டும் அவர் விடவில்லை. தொட்டி அடி தெரியும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் யாரோ என் கையைத் தட்டிவிட, பேசின் கவிழ்ந்து மீன் சாக்கடையில் போய் விழுந்தது.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். செத்த மீனைக் கழுவிச் சந்தனம் பூசித் தட்டில் வைத்து, மறுநாள் சாயங்காலம் வரை தரிசனத்துக்கு வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு வரை நாறியது. பிறகு மேளம் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அதற்கப்புறம் டாக்டரை மாற்றச் சொல்லி மகஜர் எழுதினார்கள், ஊரே கையெழுத்துப் போட்டது. இதைப் படிக்கிறவர்களில் சிலரும் போட்டிருப்பீர்கள். மாதம் முடிவதற்குள் டாக்டருக்கு மாற்றல் வந்துவிட்டது.

பச்சையம்மாள் கட்டுப் பிரிக்க வந்தவள், என் எதிரிலேயே சொன்னாள்: "மாட்டு டாக்டரு தண்ணியத் தொறந்து வுட்டாரு, சாமி கோச்சிக்கிச்சு. அதான் என் கண்ணு பூடுச்சி." கையிலிருந்த பஞ்சை அவள் முகத்தில் எறியலாம் போல இருந்தது எனக்கு. ஆத்திரம் தாங்காமல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவார், குறைந்தபட்சம் துப்பவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அவளோட இன்னொரு கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அதப் பார்த்துக்கோங்க சிஸ்டர்." அந்த ரப்பர் குழாயைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "நல்லா கழுவி வச்சிருக்கேன். உங்க ஊருக்கு மறுபடி தேவைப்படும்."

அப்போது அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். நேற்றுச் சாயங்காலம் கடைவீதிப் பக்கம் போனேன். ஏகாம்பரம் கடை முகப்பில் அதே தொட்டி, புதுப் பூச்சோடு நிற்கிறது. மரக்காணத்துப் பீப்பாய்கள் வந்து இறங்கிவிட்டன. இரண்டு மீன்களும் வந்தாயிற்று. "டாக்டர் தாமோதரன் நினைவுத் தீர்த்தத் தொட்டி" என்று மேலே போர்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திறக்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் ஏகாம்பரம், "வாங்க சிஸ்டர், அந்த மனுசனுக்கு நம்மால ஆன மரியாத. நீங்களும் ரெண்டு வார்த்த பேசணும்" என்றார். அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பினேன். தொட்டியருகே பெண்கள் இப்போதே சீசாக்களோடு காத்திருந்தார்கள். அதில் மூன்றாவதாகப் பச்சையம்மாள் நின்றாள்.

"இன்னா பச்சையம்மா, இங்க எங்க?"

"இந்தக் கண்ணும் ரெண்டு நாளா உறுத்துதும்மா. டாக்டரு பேர்ல வக்கிறாங்களே, நல்லதுன்னு வந்தேன்" என்றாள்.

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. வெள்ளிக்கிழமை தீர்த்தம் வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளாம்.

டாக்டர் தாமோதரனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, எல்லோரும் போன கண்ணைப் பற்றிப் பேசும்போது இருக்கிற கண்ணைப் பற்றி அவர் கேட்ட கேள்வி. இன்னொன்று, இந்த ரப்பர் குழாய். மேடையில் ஏறிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அவரை மதித்தவர்கள் வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். மாலை எதுவும் வேண்டாம். அந்த மீன்களுக்காக என் எனாமல் பேசினைத் துலக்கி வைத்திருக்கிறேன். இந்த முறை அதைத் தட்டிவிடாமல் சுற்றி நிற்க நாலு பேர் போதும். குழாயை நான் கொண்டுவருகிறேன். வாய் வைத்து உறிஞ்சுவதும் நான்தான்.