இளவரசி ஏன் பல்லக்கில் ஏறினாள்?

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் மூன்று பெண்கள் ஒரு செல்போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான், என் மகள் யாழினி, எதிர்வீட்டு மும்தாஜ். காபி ஆறிப்போயிருந்தது. யாரும் தொடவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் மும்தாஜ்.

"அவ்வளவுதான் அத்தை. முற்றும்னு போட்டுட்டான்."

"படுபாவி!"

அவள் திட்டியது, எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து படக்கதை வரைகிற ஒருவரை. ஆணோ, பெண்ணோ... எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று போன் போட்டே திட்டியிருப்போம்.

விஷயம் இதுதான். போனில் வாரம் ஒரு அத்தியாயம் வருகிற காமிக்ஸ் அது. யாழினி இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்ல, நானும் மும்தாஜும் 'உம்' கொட்டுவோம். ஓர் இளவரசி. கட்டிய புருஷனே விஷம் வைத்துக் கொல்கிறான். கண் விழித்தால்... மறுபடி பிறந்து, கல்யாணத்துக்கு முந்தின வயசில் நிற்கிறாள்! போன ஜென்மத்து ஞாபகம் அத்தனையும் அப்படியே இருக்கிறது. விடுவாளா? அந்தப் பயலை உதறித் தள்ளிவிட்டு, அப்பா கைகழுவிய வறண்ட பூமியைக் கேட்டு வாங்கி, ஏரி வெட்டி, வாய்க்கால் இழுத்து, லஞ்ச மந்திரிகளை விரட்டி... அடேயப்பா!

"இவளை நம்ம பக்கம் அனுப்பச் சொல்லுங்கக்கா. கடைமடைக்குத் தண்ணி தானா வந்து சேரும்," என்பாள் மும்தாஜ்.

நடுவில் பக்கத்து நாட்டு இளவரசன் ஒருவன் வருகிறான். நல்லவன். அழகன். அவள் பேசும்போது குறுக்கே பேசாதவன் — இதற்காகவே நாங்கள் மூவரும் அவனுக்கு ஓட்டுப் போட்டோம்.

கடைசி அத்தியாயத்தில் என்ன ஆச்சு தெரியுமா? கல்யாணம் ஆச்சு. இளவரசி பல்லக்கில் ஏறி அவன் நாட்டுக்குப் போனாள். அங்கே ரோஜாத் தோட்டத்தில் உட்கார்ந்து துணியில் பூ தைக்கிறாள். முற்றும்!

ஏரி என்ன ஆச்சு? நம்பிவந்த ஜனங்கள்? மதகை யார் திறப்பார்கள்? ஒரு வார்த்தை இல்லை. இதற்கா ஒருத்தி செத்துப் பிழைத்து வந்தாள்?

எனக்குக் கோபம். மும்தாஜுக்கு அதைவிடக் கோபம். யாழினியோ அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிஜமாகவே அழுதாள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். யாழினி மாட்டு டாக்டர். இங்கே திருவிடைமருதூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறாள். சுற்றுப்பட்டு ஊர்களில் எந்தப் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் இவளுக்குத்தான் போன் வரும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, சேறு சகதி பார்க்காமல் கிளம்பிவிடுவாள். தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுக்கிறவள், ஒரு காமிக்ஸுக்கா அழுவாள்?

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை தேதி குறிக்க வர்றாங்கல்லம்மா..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாப்பிள்ளை பெயர் கார்த்திக். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய்த்தான் பேசி முடித்தோம். கல்யாணம் ஆனால் கிளினிக்கை மூட வேண்டும். மூடத்தானே வேண்டும்? பெண்தானே போவாள்? நான்கூட, "சென்னையிலயும் மாடு இருக்கும்டி," என்று ஆறுதல் சொன்னேன். "போஸ்டர் தின்னுற மாடும்மா," என்றாள். சிரித்தோம். அதோடு விட்டுவிட்டேன்.

மும்தாஜ் விடவில்லை. "இவ ஏங்க்கா போகணும்? அவரு வரட்டுமே?"

"வீட்டோட மாப்பிள்ளையாவா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சொந்தபந்தத்தில் அது கிட்டத்தட்ட ஒரு வசவு. சோற்றுக்கு வந்தவன், பெண்டாட்டி பேச்சுக்கு ஆடுகிறவன்... இன்னும் எவ்வளவோ சொல்வார்கள்.

மும்தாஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். அவள் பிறந்தது கடலோரத்து ஊர். அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார்.

"எங்க ஊர்ல எல்லாருமே வீட்டோட மாப்பிள்ளைதாங்க்கா. யாரு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? இவரு கடைக்காக இங்க வந்து கெடக்குறோம். ஊர்ல வீடு எம்பேர்லதான். பெருநாளைக்குப் போன எடத்துல சண்டை வந்தா, வெளிய போய் நிக்கிறது இவருதான்!"

யாழினி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். கார்த்திக்குக்கு லேப்டாப் இருக்கும் இடம்தான் ஆபீஸ். எப்போதாவது போய்த் தலையைக் காட்டினால் போதும். அவன் வேலை பையோடு வந்துவிடும். இவள் வேலை? ஊர் ஊராகத் தொழுவத்தில் கட்டிக் கிடக்கிறது. இத்தனை பேர் கூடிக் கூடிப் பேசினோமே — ஒருத்தராவது அந்தப் பையனைக் கேட்டோமா?

எங்கள் முன்னாலேயே போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"கார்த்திக், நான் சென்னைக்கு வரல. கிளினிக்க மூட எனக்கு மனசு இல்ல. நீங்க இங்க வந்து இருக்க முடியுமா?"

போச்சு... நல்ல சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். மும்தாஜ் வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

"நானே கேக்கலாம்னுதான் இருந்தேன்," என்றது குரல். "வீட்டோட மாப்பிள்ளைன்னு கிண்டல் பண்ணுவாங்களேன்னு... வெக்கமா இருந்துச்சு யாழினி." கூடவே, "அங்க நெட் நல்லா கிடைக்குமா?"

"கிடைக்காட்டி எங்க வீட்டு வைஃபை இருக்கு மாப்பிள்ளை!" என்று கத்தினாள் மும்தாஜ்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிப்போனது உண்மை. மகனே வாய் திறந்து சொல்லிவிட்டதால், தேதி குறித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். என் நாத்தனார் மட்டும் தினமும் போன் போட்டு, "ஊரு சிரிக்காதா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சிரிக்கட்டுமே! சிரிக்கிற ஊர், பசு கன்று போட முடியாமல் தவிக்கும்போது வேறு யாரைக் கூப்பிடும்?