தாயின் வயதில் ஒரு பிள்ளை

வளர்மதியைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். செஞ்சியில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ், நான் மருந்து கவுண்டர். மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். ஊசி போடும்போதே பிள்ளைகளிடம் வம்பிழுத்துச் சிரிக்க வைத்துவிடுவாள். இப்போது அந்த வம்பெல்லாம் இல்லை.

நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினால், வயதுக்குத் தக்கபடி பார்த்து, சரியென்றால் பச்சை காட்டும், ஆபத்தென்றால் சிவப்பாகிக் கத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயது சரியாக இருக்க வேண்டுமே! வல்லத்து அனு கைக்குழந்தையோடு வந்தபோது அதற்குப் பேரே இல்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் கிடத்திய பிறகுதான் பேர் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

“பேர் இல்லாம இது உள்ளயே உடாது. உன் ஆதாரக் குடும்மா” என்றான் பதிவு மேசையில் இருக்கும் தனகோட்டி. பேர் வைக்காத பிள்ளை எது வந்தாலும் அவன் இப்படித்தான். அம்மாவின் பேர் ஏறியது, கூடவே அம்மாவின் வயதும் ஏறியது.

பிள்ளைக்குக் கடுமையான சளி, காய்ச்சல். கைக்குழந்தைக்கு நாடியும் மூச்சும் எப்போதுமே வேகம். பெரியவர் கணக்கில் பார்த்த கம்ப்யூட்டர் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது.

“இதுக்கு வேற வேல இல்ல. புள்ளைய அம்மான்னு நெனச்சிக்கினு கத்துது” என்று வளர்மதி ஒவ்வொரு தடவையும் அதை மூடினாள். வயதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாளாம். அன்று அமாவாசை. கோயில் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை வேன் வேனாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் எங்கே போய்ச் சொல்வாள்?

அனு பிள்ளையை மடியை விட்டு இறக்கவே இல்லை, சோற்றையும் தொடவில்லை. மத்தியானம் வளர்மதி பிள்ளையின் காலில் கருவியை மாட்டி, அளவுகளை ஏற்றினாள். பச்சை! அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

“பச்ச வந்துட்சி பாரு அனு. கீழ படுக்க வெச்சிட்டு ரெண்டு வாய் சாப்டு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

பிள்ளை தேறியிருக்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கி ஓய்ந்துகொண்டிருந்தது. துடிப்பு இறங்கிப் பெரியவர்களின் அளவுக்கு வந்திருந்தது. கைக்குழந்தைக்கு அந்த அளவு உயிர் போகிற அளவு. அதன் சொந்த வயதைப் போட்டிருந்தால் அப்போதுதான் சிவப்பு அலறியிருக்கும். அடக் கடவுளே, சிவப்பை நம்பாதவள் பச்சையை மட்டும் எப்படி நம்பினாள்? பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த அனு திரும்பிப் பார்த்து அலறினாள். டாக்டர் ஓடி வந்தும் பிள்ளை பிழைக்கவில்லை.

“கம்ப்யூட்டர் கோளாறு” என்று தனகோட்டி சொல்லித் திரிகிறான். அவன் வாயில் மண்ணைப் போட! பேர் இல்லாத பிள்ளைகளை அவரவர் வயதோடு ஏற்ற இப்போது வழி செய்துவிட்டார்கள். வளர்மதியோ பச்சை காட்டினாலும் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

போன வாரம் அனு தலைவலி மாத்திரை வாங்க என் கவுண்டருக்கு வந்தாள். வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன ரெண்டு வார்த்த திட்டிடு அனு.”

“ஒன்னத் திட்டி இன்னாக்கா ஆவப்போவுது? நீ நல்லதுக்குத்தான் சொன்ன” என்றாள் அனு. “காலையிலேர்ந்து மடியிலயே வெச்சிருந்தேன். உசுரு போவும்போது மட்டும் கீழ கெடந்துட்சே, அதான் எனக்கு ஆற மாட்டேங்குது.”